ஏழாம் லைன், நாற்பத்து மூன்றாம் கட்டை

செத்துப்போன ஒருவன் ரிட்டயர் ஆவான் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்றிருப்பேன். என் பெயர் அந்தோணிசாமி. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் சரக்கு குமாஸ்தாவாக இருந்தவன். பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நவம்பர் இரண்டாம் தேதியானால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, அரை மணி நேரம் அவரோடு பேசிவிட்டு வருவேன். அது வேறு.

இருசம்மாளின் புருஷன் பொன்னுரங்கம் 2012 ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர் ஆக வேண்டியிருந்தது. அவன் செத்து அன்றோடு இருபத்தாறு வருஷம். அந்தத் தேதிவரை வருஷத்துக்கு ஒரு வேளை அவனுக்குச் சோறு போட வேண்டியது தன் பொறுப்பு என்று அவள் நம்பினாள். நம்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் எழுந்து வாசல் தெளிப்பது போல அது அவளுக்கு ஒரு வேலை. அந்த வேலையைக் கெடுத்தவன் நான்.

இன்றைக்குக் கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களிடம், இங்கே ஒரு பெரிய கூட்ஸ் யார்டு இருந்தது என்று சொன்னால், பெரியவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைப்பார்கள். பதினோரு லைன் கிடந்தது. எல்லாம் மீட்டர் கேஜ். உரம், சிமெண்ட், உப்பு, மல்லாட்டைப் புண்ணாக்கு என்று வந்தபடியும் போனபடியும் இருக்கும். ஷெட்டில் எந்நேரமும் நூறு பேர் மூட்டை சுமப்பார்கள். வண்டியோடு வண்டி மோதும் சத்தம் கேட்காவிட்டால் பிள்ளைகள் தூங்காது என்று லைன் ஓரத்து வீடுகளில் சொல்வார்கள். எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது என்று எழுதிவைப்பது என் வேலை. இந்த யார்டில் எனக்குத் தெரியாத இடம் இல்லை என்று அப்போது கொஞ்சம் திமிராகவே இருந்தேன்.

யார்டுக்குள் இடம் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவில் வண்டிகளை எடை போடும் எடை மேடை இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டைகளை அங்கிருந்து எண்ணுவோம். யாராவது குடையை மறந்து வைத்துவிட்டால், மூன்றாம் லைன், இருபதாம் கட்டை என்று சொன்னால் போதும். போய்ப் பார்த்தால் குடை இருக்கும். காகிதத்தில் எதையும் குறித்ததில்லை. கட்டைகள் எங்கே போய்விடப் போகின்றன என்று இருந்தோம்.

பொன்னுரங்கம் செத்த இடம் ஏழாம் லைன், நாற்பத்து மூன்றாம் கட்டை. ஷண்டிங் போர்ட்டர் அவன். இரண்டு வண்டிக்கு நடுவில் நின்று கொக்கி மாட்டுவது அவன் வேலை. வயது முப்பத்து நான்கு. முதல் நாள் ராத்திரி குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறான். இனிமேல் நீயே ஆக்கித் தின்னு என்று இருசம்மாள் சொல்லியிருக்கிறாள். காலையில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கேரியரோடு வருகிறவள், அரை மணி நேரம் வயிறு காயட்டுமே என்று அன்றைக்கு வேண்டுமென்றே தாமதித்தாள். பன்னிரண்டரைக்கு அவள் இடுப்பில் குழந்தையோடு லைனைத் தாண்டி வந்தபோது, நாங்கள் அவனை வண்டிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கேரியரில் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருந்தது.

நேரத்தோடு வந்திருந்தால் அவன் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், பிழைத்திருப்பான் என்பது இருசம்மாளின் கணக்கு. இருபத்தாறு வருஷமும் அதையே சொன்னாள். அந்தக் கணக்கில் பாதிதான் சரி. சோறு வரவில்லையே என்று சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு, உர வியாபாரியின் லாரி காத்துக்கிடக்கிறது, அந்த ஒரு வண்டியை மட்டும் ஷெட்டுக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொன்னவன் நான். சாப்பாட்டு நேரத்தில் ஷண்டிங் கிடையாது. எனக்காகத்தான் எழுந்து போனான். இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அற்பாயுசில் போனவன், விதித்த ஆயுசு முடியும்வரை செத்த இடத்திலேயே நிற்பான் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. விதித்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இருசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் வேலைக்குப் பதிலாக அவளுக்கு வேலை போட்டுத் தர வந்த அதிகாரி, சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து, இவர் இருந்திருந்தால் 2010 ஜூலை முப்பத்தொன்று வரைக்கும் சர்வீஸ் இருந்திருக்கும் என்று வாசித்திருக்கிறார். செத்த தேதியும் முப்பத்தொன்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ரயில்வேயில் அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. ரிலீவர் வராமல் போகிற ஆள் என் வீட்டுக்காரர் இல்லை, ரிட்டயர் ஆனால்தான் நகருவார், அதுவரை அங்கேதான் பசியோடு நிற்பார் என்றாள். பொன்னுரங்கம் வேலையில் சேர்ந்தபோது, பிறந்த தேதி தெரியாமல் ஒரு குமாஸ்தா முகத்தைப் பார்த்து எழுதியதுதான் அந்த ஜூலை மாதம். அந்தக் குமாஸ்தா எழுதினால் எமனும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று நான் கேலி செய்தேன். இவள் சிரிக்கவில்லை.

அவளுக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் துப்புரவு வேலை. குடியிருப்பது முதுநகரில்தான். வருஷா வருஷம் ஜூலை முப்பத்தொன்று பகல் பன்னிரண்டரைக்குக் கேரியரோடு வருவாள். ஷண்டிங் மாஸ்டர் காத்தவராயன் ஏழாம் லைனில் சிவப்புக் கொடியை நட்டுவிடுவார். இருபது நிமிஷம் இஞ்சின் அந்தப் பக்கம் போகாது. எந்த டைரியிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. அவள் கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்து, தண்டவாளத்துக்கு நடுவில் இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, செம்பில் தண்ணீர் வைப்பாள். இன்னும் இத்தனை வருஷம்தான் என்று அவனிடம் கணக்குச் சொல்வாள். மேலதிகாரி ஒருவர் வந்த நாளில்கூட, லைன் ரிப்பேர் என்று சொல்லிக் காத்தவராயன் சமாளித்தார்.

1998-ல் ஓய்வு பெறும் வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக்கினார்கள். யார்டில் லட்டு கொடுத்துக் கொண்டாடினோம். நான் ஒரு லட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருசம்மாளைப் பார்த்தபோது, அவள் காத்திருப்போர் அறைக்குப் பின்னால் துடைப்பத்தோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ரெண்டு வருசம் கெடச்சிது. அவுரு மட்டும் இன்னும் ரெண்டு வருசம் நிக்கணுமாண்ணே?" என்றாள்.

லட்டை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

சுனாமி வந்த வருஷத்துக்குப் பிறகு யார்டு பொசுக்கென்று ஓய்ந்தது. சரக்கெல்லாம் லாரிக்குப் போய்விட்டது. 2005-ல் கடைசி வண்டி வந்ததை நான்தான் எழுதினேன். அது கடைசி என்று தெரியாததால் எப்போதும்போலத்தான் எழுதினேன். 2006 முடிவில் அகலப் பாதை போடுவதற்காக ரயிலையே நிறுத்தினார்கள். இருசம்மாளை விருத்தாசலத்துக்கு மாற்றினார்கள். சரக்கில்லாத சரக்கு குமாஸ்தாவான என்னை, பிடுங்கிய தண்டவாளங்களை எண்ணி எழுத யார்டிலேயே போட்டார்கள். முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டை இடிக்க, கல் எண்ணிக் கொடுப்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

2007 ஜூலை முப்பத்தொன்று. கேரியரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு லைனும் இல்லை. கட்டைகளை ஒரு மூலையில் மலையாகக் குவித்திருந்தார்கள். மேலே செம்மண் கொட்டி, ஜேசிபி சமன் செய்துகொண்டிருந்தது.

"அண்ணே, எடை மேட எங்கண்ணே?"

எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியும் நின்ற இடத்தை எழுதி வைத்தவனுக்கு, அந்தச் செம்மண்ணில் கிழக்கு மேற்குகூடப் பிடிபடவில்லை. எடை மேடையை உடைத்து ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காத்தவராயன் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்பதற்கு வேறு ஆளில்லை. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. இங்கேயும் அங்கேயும் நாலு எட்டு ஓடிப்போய் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாம்மா, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஜேசிபிக்கு இடைஞ்சலில்லாத பக்கமாக, மதில் ஓரத்தில் பூவரச மரம் நின்ற பக்கமாக நடந்தேன். சும்மா போயிருந்தாலாவது பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். வெறும் மண்ணில் அடி வைத்து எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. இதான் என்று நின்றேன். அவள் துளிகூடச் சந்தேகப்படவில்லை. இலையைப் போட்டுச் சோறு வைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஓர் அரைச் செங்கல்லைப் புதைத்தாள். இன்னும் அஞ்சு வருஷம்தான் என்று பூவரச மரத்தடியில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

2010-ல் புது ரயில் ஓட ஆரம்பித்தது. அவள் சிதம்பரத்துக்குத் திரும்பினாள். நான் ரிட்டயர் ஆனேன். 2011 வரை ஐந்து தடவை அந்தச் செங்கல்லுக்குச் சோறு வைத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். முதல் வருஷம்தான் உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. ஒருவேளை அந்த இடமாகவே இருந்தாலும் இருக்கலாம் என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன்.

பொன்னுரங்கம் செத்த அன்றைக்கு அவள் இடுப்பில் இருந்த குழந்தை மாலதி. தாய் துடைப்பம் பிடித்த சிதம்பரத்திலேயே சிவில் படித்துவிட்டு, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சர்வேயரின் ஆபீசில் இருக்கிறாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவின் கடைசிப் படையலுக்கு அந்த இடத்தில் ஒரு சின்னக் கல் நட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படித்த பெண் இல்லையா, அளந்து நட வேண்டும் என்று நினைத்தாள். ரயில்வே ஆபீஸைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட காகிதங்கள் முதுநகர் காயலாங்கடையில் கிடந்தன. அதில் பழைய யார்டின் வரைபடத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். நீராவி இஞ்சின் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஸ்டேஷன் அருகே இன்னும் இடிக்காமல் நிற்கிறது. அதிலிருந்து எடை மேடை எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் போட்டிருந்தது.

"மாமா, அந்தக் காலத்துல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் எவ்ளோ கேப் இருக்கும்?" என்று போனில் கேட்டாள்.

இரண்டரை அடி என்றேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை இருபத்து நான்காம் தேதி தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாலதி வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். நாற்பத்து மூன்றாம் கட்டை இருந்த இடம் இப்போது புது இரண்டாம் லைனுக்கு நடுவில் இருந்தது. பூவரச மரத்துக்கும் அதற்கும் நூற்று அறுபது அடி. மாலதி என்னை மாமா என்று கூப்பிடவில்லை. இருசம்மாள் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

"அன்னிக்கு எண்ணிக்கிட்டே போனீங்களேண்ணே. எதை எண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எண்ணலம்மா. நீ தவிச்சத பாக்க முடியல."

"அப்ப அஞ்சு வருசமா அவுரு பட்டினியா?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வேளை இருக்கிறது, அதையாவது சரியான இடத்தில் வைக்க வழி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே ஸ்டேஷன் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். வடக்கேயிருந்து வந்த சின்ன வயதுக்காரர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முடியவே முடியாது என்றார். லைனில் ஆளை இறக்கினால் தன் வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று நாள் அலைந்து, நானும் ரயில்வேக்காரன்தான், அவளும் ரயில்வேக்காரிதான் என்று கெஞ்சியபிறகு, இரண்டாம் லைன் பகலில் சும்மாதான் கிடக்கும், பத்து நிமிஷம், ஒரு போலீஸ்காரரும் கூட நிற்பார் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்தப் புண்ணியம் உண்டு.

முப்பத்தொன்றாம் தேதி பதினொன்றே முக்காலுக்கு நாங்கள் மூன்று பேரும் போனபோது, இரண்டாம் லைனில் ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. நிலக்கரி வண்டி. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டியவரை நீண்டு கிடந்தது. மாலதி சுண்ணாம்பால் தண்டவாளத்தில் முதல் நாளே போட்டுவைத்த அடையாளம், நடுவில் நின்ற ஒரு வண்டியின் அடியில் இருந்தது. ஏழு வருஷமாக ஒரு மூட்டை சரக்கு இறங்காத இடத்தில், நானே பார்த்துப் பூரித்திருக்க வேண்டிய அவ்வளவு பெரிய கூட்ஸ் வந்து நின்றது. அதை வயிறெரியப் பார்த்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழிவிட ஒதுக்கியதாம். எக்ஸ்பிரஸ் போய்விட்டது. ஆனால் கூட்ஸ் டிரைவருக்கு டியூட்டி நேரம் முடிந்துவிட்டது. ரிலீவர் வர வேண்டும். விழுப்புரத்திலிருந்து கிளம்பிவிட்டார் என்றார். திரும்பி வந்து இருசம்மாளிடம் சொன்னேன். ரிலீவர் வரவில்லை என்றதும் அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது புது விஷயமில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. ஓரமாக உட்கார்ந்து இலையை வண்டிக்கு அடியில் தள்ளிவிடலாம் அம்மா என்று மாலதி சொன்னாள். சிவப்புக் கொடி காட்ட ஆளில்லாமல் வண்டிக்கு அடியில் கையை விடக்கூடாது என்று அவளை அதட்டி உட்கார வைத்தாள் இருசம்மாள். நான் எழுந்தேன். நான் போய் வைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"ஒக்காருங்கண்ணே. நீங்களும் போயி அங்க நின்னீங்கன்னா, ஒங்களுக்கு யாரு சோறு கொண்டாருவா?"

உட்கார்ந்தேன். பிளாட்பார முனையில் நிழலில்லை. இரண்டு மணிக்குப் போலீஸ்காரர் போய்விட்டார். மூன்று மணிக்கு ரிலீவர் எங்கேயோ பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இருசம்மாள் கேரியரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வெயில் படாமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். நாலு மணிக்கு, ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குத் தெரியாதா? ஐந்து மணிக்கு என்றேன். ரிட்டயர் ஆகிறவர்களை ஐந்து மணிக்கு மாலை போட்டு அனுப்புவதை எத்தனையோ தடவை கூட நின்று பார்த்தவள்தான்.

ஐந்தே காலுக்கு ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக வந்து இஞ்சினில் ஏறினார். வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டி போக மேலும் பத்து நிமிஷம் ஆனது. தண்டவாளத்தில் மாலதி போட்ட சுண்ணாம்புக் கோடு மட்டும் தெரிந்தது. போம்மா, இப்ப வை என்று மாலதி எழுந்து நின்றாள். இருசம்மாள் கேரியரின் மூடியைத் திறந்தாள். ஜூலை வெயிலில் குழம்பு நுரைத்திருந்தது. ஊசிப்போன வாடை எனக்கே அடித்தது. அவள் மூடியைத் திரும்பப் போட்டு மூடினாள்.

"அன்னிக்கும் சாப்புடாமத்தான் போனாரு. இன்னிக்கும் சாப்புடாமயே போயிட்டாரு" என்றாள்.

மாலதி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருசம்மாள் லைனையே பார்த்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்ததை இன்னொரு தடவை சொன்னாள்.

"நான் மட்டும் அன்னிக்கு நேரத்தோட வந்திருந்தா."

வண்டியைத் தள்ளச் சொன்னவன் நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால், கேரியரை நான் தூக்கிக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டேன்.